ஆறாவது அத்தியாயம்

"கலங்கரை விளக்கத்துப் படியில ரத்தக் கறை எதுவும் இல்ல. ஆனா மேல் படியில ஒரு கோட்டுப் பொத்தான் கிடக்குது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பொத்தான் யாருடையது என்று தெரியாமல் ஜொவிட்டா நிறுத்தினாள். நல்லவேளையாக அந்த நேரத்தில் டயாலிசிஸ் இயந்திரம் கத்த ஆரம்பித்தது. டெக்னீசியன் மெஹபூப் அலி வந்தான். அவளுடைய கணவர் ஷெல்டனின் இடது கையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து, ரத்தம் போகும் குழாயில் விழுந்திருந்த மடிப்பை நீவிவிட்டு, மணியை அணைத்தான்.

"கைய ஆட்டாதீங்க சார். கொலகாரன் எங்கயும் ஓட மாட்டான்" என்றான்.

ஷெல்டன் சிரிக்கவில்லை. கண்ணை மூடியபடி, "பொத்தான் யாரோடது?" என்று கேட்டார்.

"இருங்க, தொட்டுப் பாக்கறேன்" என்று ஜொவிட்டா டேப்லட்டின் திரையைத் தட்டினாள். அதில் கலங்கரை விளக்கமும் இல்லை, பொத்தானும் இல்லை. எப்போதோ முடித்த இரண்டாவது அத்தியாயத்துச் சமையலறை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கடல் இரைச்சல் மட்டும் உண்மை. எந்த இடத்துக்குப் போனாலும் இந்த விளையாட்டில் கடல் இரைந்துகொண்டே இருக்கும் என்பது அவளுக்கு வசதியாகிவிட்டது.

மயிலாப்பூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் டயாலிசிஸ் மையம் அது. மாடியில் ஆறு படுக்கைகள். செவ்வாய், வியாழன், சனி, மதியம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஷெல்டனின் முறை. இரண்டரை வருடமாக அப்படித்தான். இதயம் பலவீனமாக இருப்பதால் மாற்றுச் சிறுநீரகம் வைக்க முடியாது என்று முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டார்கள். சிறுநீரகத்தைத் தின்ற சர்க்கரை கண்ணையும் விடவில்லை. இப்போது அவருக்கு வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், ஆள் நிற்பது தெரியும். எழுத்து தெரியாது. நந்தனத்தில் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் இருபத்தாறு வருடம் விடைத்தாள்களைக் கூட்டிச் சரிபார்த்த மனிதர். இரண்டு பையன்கள் ஒரே தப்பை ஒரே இடத்தில் செய்திருந்தால், எந்த அறையில் எந்த வரிசையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

வேளச்சேரியில் இருக்கும் மகள் லிண்டாதான் அந்த விளையாட்டை டேப்லட்டில் ஏற்றிக் கொடுத்தாள். "டாடி மாதிரி ஆளுக்குன்னே செஞ்சது. ஒண்ணும் ஓட வேணாம், சுட வேணாம். படிச்சு யோசிச்சா போதும்" என்றாள். வட கடலில் பனி பெய்யும் ஒரு சின்னத் தீவு. அதில் ஒரு பழைய விடுதி. விடுதி முதலாளி குளியலறையில் செத்துக் கிடக்கிறார். படகு வர மூன்று நாளாகும். அதற்குள், காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்த ஒரு பெண் நான்கு பேரில் கொலைகாரர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும்: டாக்டர், சமையல்காரர், படகுக்காரர், முதலாளியின் தங்கை. பூதக்கண்ணாடியை நகர்த்தி அலமாரி, அடுப்பு, கோட்டுப் பை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். கிடைப்பது குறிப்பேட்டில் சேரும். யாராவது பொய் சொன்னால், குறிப்பேட்டிலிருந்து சரியான தடயத்தை எடுத்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். எல்லாம் ஆங்கிலத்தில். ஜொவிட்டா படித்துத் தமிழில் சொல்வாள். ஷெல்டன் யோசித்து, எதைத் தொட வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்வார். அவள் விரலால் தட்டுவாள். அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து எத்தனையோ காலமாகியிருந்தது.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இங்கிருந்து இறங்கிப் போகும்போது, படிக்கட்டின் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்ற இடத்தில் ஷெல்டன் சொன்னார். "அந்தக் கதை முடியற வரைக்கும் வரேன் ஜோ. அதுக்கு மேல என்னைக் கூப்பிடாத." கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் பால் வாங்க வேண்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். நிறுத்தினால் மிச்சம் நாள் கணக்கில்தான் என்று மையத்து டாக்டர் சொல்லியிருந்தார். ஆட்டோவில் ஏறும்போது அவர் தலை இடிக்காமலிருக்கக் கையைக் குறுக்கே வைத்தாள், வழக்கம்போல.

விளையாட்டில் ஐந்து அத்தியாயங்கள்தான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு, பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் அவள் தனியாக உட்கார்ந்து அதை முடித்தாள். மேசைமேல் எட்டாம் வகுப்புத் தாள்கள் திருத்தாமல் கிடந்தன. என்ன தோன்றியது என்று அவளுக்கே விளங்கவில்லை. ஏதாவது ஒன்று முடிய வேண்டும் என்றிருந்தது. குற்றம் சாட்டும் பக்கம் வந்தது, ஒரு முகத்தைத் தொட்டாள், சரியாக இருந்தது. படகு வந்தது, பெயர்கள் ஓடின. மணியடித்ததும் வகுப்புக்குப் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை ஷெல்டன் படுக்கையில் சாய்ந்துகொண்டு, "எங்க விட்டோம்?" என்று கேட்டபோது, அவள் வாய் தானாகவே இல்லாத ஓர் அத்தியாயத்தைத் தொடங்கியது.

அன்றிலிருந்து இது ஏழாவது தடவை. காலையில் நான்கு வகுப்பு எடுத்துவிட்டு, அரைநாள் விடுப்பில் வந்து, வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் ஒரு சாட்சியை யோசித்துக்கொண்டு வருவாள். கதை கட்டத் தெரிந்தவள் இல்லை அவள். கணக்கு டீச்சர். சமையல்காரரை ஒரு நாள் கீழே விழ வைத்தாள். படகுக்காரருக்கு ஒரு கடிதம் வரவழைத்தாள். நேற்று வீடு திரும்பும் பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி லஸ் முனையில் இறங்கி நடந்தபோது, இதெல்லாம் யாருக்காக என்று ஒரு கேள்வி வந்தது. அதற்கு வந்த பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னா டீச்சரம்மா, பொத்தான எடுத்துக்கினு அப்டியே நின்னா எப்டி" என்றார் பக்கத்துப் படுக்கையிலிருந்து பொன்னுரங்கம். அடையாற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்குக் குடியேற்றப்பட்ட குடும்பம் அவருடையது. இரண்டு பஸ் மாறி வருகிறார். முதல் நாளிலிருந்தே அவரும் இந்தக் கதையைக் கேட்டுவருகிறார். "நான்தான் அப்பவே சொன்னேனே. அந்த சமையல்காரன். அவன் மூஞ்சியே சரியில்ல."

"மூஞ்சிய நீங்க எங்கண்ணே பாத்தீங்க" என்றான் மெஹபூப் அலி, அவருடைய ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டே.

"பாக்கணுமா நைனா? பேச்சுலயே தெரீது."

ஜொவிட்டா திரையைத் தட்டினாள். "பொத்தான் முதலாளியோட தங்கச்சி கோட்டுல இருந்து விழுந்தது. ஆனா அவ சொல்றா, அண்ணன் செத்த நேரத்துல நான் விடுதியிலயே இல்ல, கல்லறையில இருந்தேன். அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏத்திட்டு இருந்தேன்னு."

ஷெல்டனின் புருவம் சுருங்கியது. "அன்னைக்கு ராத்திரி புயல். மூணாவது அத்தியாயத்துல படகுக்காரன் சொன்னான். கடலோரக் கல்லறை. அந்தக் காத்துல எப்படி எரியும்?"

"கொட்டாங்குச்சிக்குள்ள நட்டு வச்சேங்கறா. அப்ப அணையாதுல்ல."

"அது கரெக்ட்டு" என்றார் பொன்னுரங்கம். "கொட்டாங்குச்சில வெச்சா காத்து ஒண்ணும் பண்ணாது."

இயந்திரத்தின் சக்கரம் மெல்லச் சுற்றுகிற சத்தம் கேட்டது. குழாயில் அவருடைய ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. முதலில் அவர் அடுத்த கேள்வியை யோசிக்கிறார் என்றுதான் ஜொவிட்டா நினைத்தாள். வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று மாமனார் மாமியார் கல்லறையில் அவள் வைப்பதைத்தான் சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மூன்று மணிக்கே போய், புல்லைப் பிடுங்கி, சாமந்தி பரப்பி, ஆற்றுமுகத்திலிருந்து வரும் காற்றுக்குத் தப்ப வீட்டிலிருந்து பையில் கொண்டுபோகும் நான்கு கொட்டாங்குச்சிகள்.

"பனி பேயற தீவு" என்றார் ஷெல்டன். "அங்க ஏது தென்னமரம்."

அவர் குரலில் கண்டுபிடித்துவிட்ட பெருமை இல்லை. மறுகூட்டலில் ஒரு மதிப்பெண் குறைந்த பையனிடம் சொல்வதைப் போல, வருத்தமாகத்தான் சொன்னார்.

"எப்ப முடிஞ்சுது ஜோ?"

"சாம்பல் புதன் அன்னைக்கு."

"நீ தனியா முடிச்ச."

"ஆமா."

பொன்னுரங்கம் எதையோ புரிந்துகொண்டவரைப் போலச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே ஏதோ கோயில் ஊர்வலத்து மேளம் வந்து, தெருவைக் கடந்து போயிற்று. ஜொவிட்டா டேப்லட்டை அணைத்தாள். கடல் நின்றது. அந்த இரைச்சல் இல்லாத அறை எப்படி இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"எனக்காகத்தான செஞ்ச" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் மடியிலிருந்த கையைப் பார்த்தாள். சாக்பீஸ் தூள் இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

"அப்படித்தான் நினைச்சேன். ஆனா அப்படி இல்ல. எனக்கு முடியலைங்க. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் இங்க வராம இருந்தா எப்படி இருக்கும்னு நேத்து லஸ்ல நடக்கும்போது நினைச்சேன். அப்படி நினைச்சதுக்கு அப்புறம் உங்கள எப்படி நிறுத்த விடறது. நீங்க நிறுத்தினா, நான் நினைச்சதாலதான் ஆச்சுன்னு இருக்கும். அதான் பேசிட்டே இருந்தேன்."

இதை இத்தனை வார்த்தையாக அவள் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகு தோள் வலித்தது, நெடுநேரம் எதையோ தூக்கிவந்து கீழே வைத்ததைப் போல.

ஷெல்டன் வலது கையால் போர்வையைத் தேடி, மார்புவரை இழுத்துக்கொண்டார். டயாலிசிஸின் மூன்றாவது மணியில் அவருக்குக் குளிர் எடுக்கும். அவள் எழுந்து கால்பக்கத்தைச் சரி செய்தாள்.

"உனக்கு முடியலன்னு தெரியும்" என்றார். "அதுக்காகத்தான் வேணாம்னேன்."

"எனக்காகவா?"

"பாதி. மீதி எனக்கே அலுத்துப்போச்சு." கொஞ்சம் பொறுத்து, "பொய் சொல்லி என்ன ஆகப்போகுது. பாதிக்குக் கொஞ்சம் மேலயே அலுப்புதான்" என்றார்.

மெஹபூப் அலி வந்து எண்களைக் குறித்துக்கொண்டு, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்தான். இன்னும் நாற்பது நிமிடம் என்று திரை காட்டியது. ஷெல்டன் தூங்கிவிட்டார் என்றே அவள் எண்ணினாள். அவர் கண்ணைத் திறந்து, அவள் இருக்கும் திசையில் முகத்தை வைத்தார்.

"டாக்டர்தான் செஞ்சான். குளியல் தொட்டித் தண்ணி ஆறிப்போயிருந்ததுன்னு சொன்னது அவன் ஒருத்தன்தான். முதல்லயே உள்ள போனவனுக்குத்தான் அது தெரியும். டாக்டர். சரிதான?"

அவர் கேட்கும் விதத்தில் அவளுக்கு விளங்கியது. அவர் அந்தக் கணக்கை மூடிவிடப் பார்க்கிறார். ஆமாம் என்று அவள் சொன்னால் போதும். அதோடு கதை முடியும். சொன்ன சொல்லுக்கு அவர் கட்டுப்படுவார், அவளும் கட்டுப்பட வேண்டியிருக்கும். சனிக்கிழமை மதியம் வீட்டில் கழியும். அவர் சாய்வு நாற்காலியில் இருப்பார். அவள் மீன் குழம்பு வைப்பாள், தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டியதில்லை, வேண்டுமட்டும் குடிக்கலாம். அந்தச் சனிக்கிழமையை அவள் முழுவதுமாகப் பார்த்தாள். அதற்கு அடுத்த சனிக்கிழமையையும் பார்த்தாள்.

இரண்டு வாரமாகப் பொய்யாகச் சொல்லிவந்த வாய்க்கு ஒரு பொய் பெரிதில்லை. ஆனாலும் விடை தப்பாக இருந்தது. தப்பான விடைக்கு நேரே சரி என்று குறியிட அவள் கை பழகியிருக்கவில்லை.

"இல்ல" என்றாள். "டாக்டர் இல்ல."

"இல்லையா?"

"இல்ல."

"பாத்தியா, பாத்தியா" என்று பொன்னுரங்கம் சுவரை விட்டுத் திரும்பினார். "சமையல்காரன்."

"அவரும் இல்லண்ணே."

"அவனும் இல்லியா?" அவருக்கு மனம் விட்டுப்போயிற்று. "அப்ப இன்னா, படகுக்காரனா? வேணாம்மா. பாவம், அவன் கஷ்டப்பட்டு பொழைக்கிறவன்."

ஷெல்டனின் வலது கை விரல்கள் போர்வைமேல் ஒவ்வொன்றாக மடிந்து நிமிர்ந்தன. எதையோ எண்ணுகிறார். உதடு அசைந்தது.

"அப்ப அவனோட பை ஏன் ஈரமா இருந்துச்சு?"

"யாரோட பை?"

"டாக்டர் பை. ரெண்டாவது அத்தியாயத்துல. அடுப்புப் பக்கத்துல காய வச்சிருந்தான். அது நிஜமா விளையாட்டுல இருந்ததா, இல்ல நீ சொன்னதா?"

"இருந்தது."

"அப்ப அவன் வெளிய போயிருக்கான்" என்றார் தனக்குத்தானே. நெற்றியில் நடுவில் விழுந்த கோடு மட்டும் போகவே இல்லை.

நேரம் முடிந்து இயந்திரம் கூவியது. மெஹபூப் அலி குழாய்களைக் கழற்றினான், ஊசி இரண்டையும் ஒவ்வொன்றாக உருவினான். உருவிய இடத்தில் பஞ்சை வைத்து ஜொவிட்டா இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும்.

"சார், சனிக்கிழமை இதே டைம்தான? பேர எழுதிக்கட்டுமா?" மெஹபூப் அலி அட்டையும் பேனாவுமாக நின்றான்.

ஷெல்டன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜொவிட்டா அவருக்காகப் பதில் சொல்லவில்லை. மெஹபூப் அலி சற்று நின்றான். பொன்னுரங்கத்தின் இயந்திரம் கத்தவும், "வந்துடறேன்" என்று அட்டையைப் படுக்கையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அவள் விரலுக்கு அடியில், பஞ்சுக்கும் தோலுக்கும் கீழே, ரத்தம் உறுமிக்கொண்டு ஓடிற்று. தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடம் அது. நாடியைப் போல விட்டுவிட்டுத் துடிக்காது. மடியில் படுத்த பூனையைப் போல இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கும். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிடம் கடந்து, அதற்கு மேலும் கடந்தது. ரத்தம் நின்றிருக்கும். அவள் விரலை எடுக்கவில்லை. அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.