ஒட்டிக்கொண்ட இரண்டு எழுத்துகள்

ஸபோலின் ஊர் ஜெப ஆலயத்தில் வேதம் வாசிப்பவனுக்கு ஆண்டவனைவிட உப்புமீன் வியாபாரி கெட்ஸலிடம்தான் பயம் அதிகம். ஓர் ஒலி வழுக்கினால் போதும், கிழக்குச் சுவரோரத்து முதல் பெஞ்சிலிருந்து எழுந்து கர்ஜிப்பார். வேதத்தைக் காப்பாற்ற ஆண்டவன் தம்மை மட்டுமே நம்பியிருப்பதாக அவருக்கு எண்ணம். மீன் நிறுக்கும்போது மட்டும் அத்தனை கறார் கிடையாது.

அந்த ஓய்வுநாளில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அவரே ஆள்வைத்துத் தோலில் எழுதுவித்துக் கொடுத்த தோரா வேதச் சுருளை முதன்முதலாகப் பிரித்து வாசிக்கிறார்கள். மனைவி ஹின்டே குளிர்காலம் முழுக்கக் கண் எரிய உட்கார்ந்து அதற்கு வெல்வெட் உறை தைத்திருந்தாள். அதில் வேதத்தைத் தந்த மோசேயின் பெயர் இல்லை. கெட்ஸலின் பெயர் தங்க நூலில் பளபளத்தது.

மேடைக்கு அழைக்கப்பட்டு, வாசிக்கும் ஆன்ஷெலின் தோளுரச நின்றார். சற்றைக்கெல்லாம் வரியைச் சுட்டும் வெள்ளிக்கோல் நின்றுவிட்டது. இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. மயிரிழைதான். ஆனால் எழுத்தைச் சுற்றி வெற்றுத்தோல் தெரியாவிட்டால் சுருள் செல்லாது. மூடிவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டியதுதான்.

ஆன்ஷெல் குனிந்து கிசுகிசுத்தான். "எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், மாமா. ஒண்ணும் தெரியல. உங்களுக்கு?"

இத்தனை வருஷம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் கருணை காட்டுகிறான்! கெட்ஸல் மேலே பார்த்தார். மாடத்து மரத்தட்டிக்குப் பின்னால், பெண்களுக்கு நடுவே ஹின்டே. வீட்டில் ஊருக்கே விருந்து. பேசாமலிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தீயிலும் வெள்ளத்திலும் ஒரு புள்ளி பிசகாமல் வேதத்தைக் கைமாற்றித் தந்த செத்துப்போனவர்களுக்கா?

"செல்லாது! மூடு!"

கத்தியது பக்தியா, பழக்கதோஷமா என்று அவருக்கே தெரியாது.

பிழையுள்ளது என்று அடையாளம் தெரிய, உள்ளே சுருளைச் சுற்றிக் கட்டும் கச்சையை உறைக்கு வெளியே கட்டினார்கள். அது சரியாக அவர் பெயர்மேல் உட்கார்ந்தது. பதிலுக்கு வந்தது தையற்காரன் ஃபைவிஷ் வீட்டார் கொடுத்த சுருள். பூச்சி அரித்த உறை என்று கெட்ஸல் கேலி செய்யாத நாளில்லை.

"கவலைப்படாதீங்க முதலாளி," என்றான் ஃபைவிஷ். "எங்க ஊட்டுப் பூச்சிக்கு மரியாதை தெரியும். எழுத்துல வாய வைக்கல."

மேலே சலசலப்பு.

"என்னடி ஆச்சு?" ஹின்டேயின் குரல்.

"உங்க சுருள்ல பிழையாம்க்கா."

"யாரு பார்த்தா?"

"உங்க வீட்டுக்காரர்தான். அவரே கத்திட்டாரு."

கீழே எல்லாத் தலைகளும் மாடத்தைப் பார்த்துத் திரும்பின.

"பொழைச்சாரு!" என்றாள் ஹின்டே, எல்லோருக்கும் கேட்கும்படி. "பார்த்துட்டு வாய மூடியிருந்தா, அந்த உறையைப் பிரிச்சுத் தலகாணிக்குப் போட்டிருப்பேன். நாளைக்கு எழுதினவரைக் கூப்பிட்டுச் சுரண்டச் சொல்லுங்க. இப்ப வாசிங்கய்யா, வீட்ல குழம்பு வத்துது!"

கெட்ஸல் ஜெபச் சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கி அடங்கும்வரை ஆன்ஷெல் வாசிக்கவில்லை. தூசியே இல்லாத வரியைக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தான்.