குளத்துக்கு இன்னும் நாலடி

1

இந்தக் கதை எனக்கு ரத்த அழுத்தத்தால் வந்தது. பத்தொன்பது வருஷமாகச் சீனாவில், குவாங்சோவில் இருந்துகொண்டு பொத்தானும் ஜிப்பும் வாங்கித் திருப்பூருக்கு அனுப்புகிறவன் நான். போன வருஷம் டாக்டரம்மா நூற்றறுபதைக் காட்டி, "மாத்திரை போடுங்க, காலையில பூங்காவுக்குப் போய் தாய் சி ஆடுங்க" என்றார். போட்டேன், ஆடினேன், நூற்றிருபத்தெட்டுக்கு இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கதை எழுத உட்கார்ந்தேன். மறுபடியும் நூற்றைம்பது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி விலகாத காலையில் முதியவர் ஒருவர் கொக்கைப் போல ஒற்றைக்காலில்..."

அடித்துவிட்டேன். அங்கே ஏது பனி? கொசுதான் உண்டு.

அடுத்தது: "ஷெக் அண்ணன் மறந்துபோனார்." இது நல்ல வரி, உண்மையும்கூட. ஆனால் இதைச் சொல்லக் கூட்டத்தில் இருபத்திரண்டு பேருக்கும் வாய் வராதபோது, நான் மட்டும் முதல் வரியிலேயே போட்டு உடைப்பதா? சொல்லிவிட்டேனே. சரி, போகட்டும்.

2

(இந்தப் பகுதி கொஞ்சம் பாடம்போல இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தாய் சி என்பது ஆட்டம்போல மெதுவாக அசையும் சீன உடற்பயிற்சி. அதில் திசை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் என்னைப் போன்ற அரைகுறைகளை நடுவில் நிறுத்துவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய ஒரு ஆள் வேண்டுமே! நாலு மூலையிலும் தெரிந்தவர்கள் ஓரடி தள்ளி நிற்பார்கள். முன்வரிசை இடது மூலை ஷெக் அண்ணனுடையது. ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், வயது எழுபத்தாறு. முப்பத்தொரு வருஷமாக அந்த மூலையில் நிற்கிறார். பாட்டுப்பெட்டியைப் பூங்காக்காரர்கள் தடைசெய்த பிறகு மற்ற மூலைக்காரர்கள் உட்பட எங்கள் எல்லோருக்கும் பாட்டும் அவர்தான், கட்டளையும் அவர்தான்.

மூலையில் நிற்பவரை யாரும் திருத்துவதில்லை. அது வழக்கம். மூலைக்காரர் தும்மினால் தும்மலும் ஆட்டத்தில் சேர்த்தி.*

* மிகைப்படுத்தவில்லை. பின்வரிசையில் ஒருவர் உண்மையிலேயே தும்மிக் காட்டியிருக்கிறார்.

'மேகக் கைகள்' என்று ஓர் அசைவு. கைகள் மாறி மாறி முகத்துக்கு முன்னால் வட்டமிடும், கால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓரடி இடப்பக்கம் நகரும். மூன்று வட்டம் போட்டதும், ஒரு கையை முன்னே தள்ளும் 'ஒற்றைச் சாட்டை' வந்து அதை நிறுத்தும். மார்ச் மாதம் ஒரு நாள் ஷெக் அண்ணன் நாலாவது வட்டம் போட்டார். ஐந்து. ஆறு. நாங்களும் போட்டோம். நாங்கள் ஆடும் கல்மேடையைவிட்டு இறங்கி, பூப்பந்து ஆடுகிறவர்களுக்கு நடுவே புகுந்து, இருபத்து மூன்று பேரும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனோம். பந்து என் மண்டையில் பட்டது. பதினோராவது வட்டத்தில் அவர் சாட்டை போட்டார். நாங்களும் போட்டு, அங்கிருந்தே மீதி ஆட்டத்தை ஆடி முடித்தோம்.

மறுநாளும் பதினொன்று. அதற்கு மறுநாளும். நான் பொத்தான்காரன், எண்ணாமல் இருக்கமாட்டேன். அவர் கடைசியாக ஓட்டிய தடத்தில் பதினொரு நிறுத்தங்கள்.

(நிறுத்தங்களை நான் கட்டிவிட்டதாக நினைக்கிறீர்களா? ஆமாம், கட்டிவிட்டதுதான். ஏன் பதினொன்று என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதப் பயமாக இருந்தது.)

3

இப்போது ஷெக் அண்ணனின் மகள் வரவேண்டும். பக்கத்து நகரமான ஃபோஷானில் இருக்கும் மான் யீ. முதல் பிரதியில் அவளை ராட்சசியாக எழுதினேன். அவள் பாவம். அப்பா இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார், இரண்டாம் தடவை ஜன்னல் திரை எரிந்தது. எந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வரும்?

"எங்கூட வந்துடுங்கப்பா. இருபத்தெட்டாவது மாடி, நல்ல காத்து."

"அங்க மூலை இருக்கா?"

"வீடுன்னா மூலை இல்லாமலாப்பா?"

"ஆள் நிக்கற மூலைடி."

கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து பார்ப்பாள். ஆட்டம் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. "எல்லாரும் செய்யறதையே அப்பாவும் செஞ்சாருன்னா இங்கயே இருக்கட்டும். தனியாத் தடுமாறினா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்."

இதைக் கேட்டதும் எங்களோடு ஆடும் பூன் அக்கா எங்களைக் கழிப்பறைக்குப் பின்னால் கூட்டினாள். முப்பது வருஷம் ஃபிளாஸ்க் ஆலையில் மேற்பார்வை பார்த்தவள், மெதுவாகப் பேச வராது.

"அவர் மாறமாட்டாரு. நாம மாறிடுவோம். எல்லாரும் பதினொண்ணு! ஒருத்தரும் அவரைப் பாக்கக் கூடாது. பாத்துப் பாத்துச் செஞ்சா அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிரும். மனசுக்குள்ள எண்ணுங்க. பொத்தான் தம்பி, உமக்குத்தான் சொல்றேன்."

"அக்கா, அவர்கிட்டயே சொல்லிட்டா என்ன?"

"என்னன்னு? 'அண்ணே, நாலு மாசமா நீங்க தப்பா ஆடறீங்க, நாங்க வாயை மூடிட்டு இருந்தோம்'னா? நீரே போய்ச் சொல்லும்."

நான் போகவில்லை. இருபத்திரண்டு பேர் ஆறு நாள், மாலை நேரத்தில், வேறொரு பூங்காவில், தப்பாக ஆடப் பழகினோம். சரியாக ஆட நான் இவ்வளவு பாடுபட்டதில்லை.

4

ஞாயிறு. மான் யீ கல்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் பை, ஃபிளாஸ்க். ஆட்டம் தொடங்கியது. மேகக் கைகள் வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

ஷெக் அண்ணன் ஒற்றைச் சாட்டை போட்டார்.

மூன்றாவதிலேயே! அம்மாடி, அப்படி ஒரு சாட்டை! நாலு மாதமாகக் காணாமல்போனது அன்றைக்குப் பார்த்துத் திரும்பி வந்திருந்தது. நாங்களோ எண்ணிக்கொண்டே அவர் முதுகுக்குப் பின்னால் இடப்பக்கம் போய்விட்டோம். நாலு, ஐந்து, ஆறு. தன் பஸ் தான் இல்லாமலே கிளம்பிப்போவதைப் பார்க்கிற ஓட்டுநர்போல அவர் நின்றார்.

மான் யீயின் கண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்திரண்டு பேர் ஒரே சீராகப் போகிறார்கள், அப்பா மட்டும் தனியே. அவள் ஃபிளாஸ்க்கைப் பைக்குள் வைத்து எழுந்துவிட்டாள்.

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: பூன் அக்கா, "அவர் செய்யறதுதாம்மா சரி!" என்று கத்துகிறாள். (அப்படியானால் நாங்கள் ஏன் தப்பாக ஆடுகிறோம் என்று அவர் கேட்பாரே.)

முடிவு ஆ: நான் வரிசையைவிட்டு ஓடிப்போய் அவரோடு... (நானா? எனக்கு அந்தத் துணிச்சல் உண்டு என்று நீங்கள் நம்பினாலும் என் மனைவி நம்பமாட்டாள்.)

முடிவு இ: மழை. (வெட்கமாக இருக்கிறது.)

நடந்தது வேறு. ஷெக் அண்ணன் எங்களைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நாலு மாதமும் புரிந்துவிட்டது. அந்த முகத்தை எழுத ஏழு தடவை முயன்றேன், ஏழையும் கிழித்துவிட்டேன். அவர் சாட்டையைக் கலைத்தார். கைகளைத் தூக்கி மேகம் போட்டபடி, விறுவிறுவென்று பக்கவாட்டில் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். சரியானதைத் தெரிந்தே விட்டுவிட்டு வந்தார். எனக்கு அழுகை முட்டியது. ஆடும்போது கண்ணைத் துடைக்க முடியாது.

மான் யீ மறுபடியும் உட்கார்ந்தாள்.

5

சுபம் என்று போட்டிருப்பேன். ஆனால் எங்கள் கணக்கில் பதினொன்று ஆனபோது, பாதியில் வந்து சேர்ந்த அவர் தன் நாலாவது வட்டத்தில்தான் இருந்தார். நாங்கள் நிறுத்தினால் அவர் மறுபடியும் தனி, அதனால் நிறுத்தவில்லை. அவரோ எங்களுக்காக நிறுத்தவில்லை.

"எப்ப முடிக்கப் போறீங்க?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"நீங்க முடிச்சா முடிக்கறோம், அண்ணே" என்றாள் பூன் அக்கா. வாழ்க்கையில் முதல்தடவையாக மெதுவாகப் பேசினாள்.

"நான் உங்களைத்தானே பாத்துட்டிருக்கேன்!"

பூப்பந்துக் கூட்டத்தைத் தாண்டியாகிவிட்டது. முன்னால் தாமரைக் குளம். மான் யீ சிரித்தபடி ஃபோனில் படம் எடுக்கிறாள். பதினாறு. பதினேழு. குளத்துக்கு இன்னும் நாலடி.

யாராவது ஒருவர் சாட்டை போட்டாக வேண்டும். நான் நடுவில் நிற்கிறவன், எனக்கு அந்த உரிமை இல்லை. நீங்கள் வெளியாள். எங்கள் வழக்கம் உங்களைக் கட்டாது. பயப்படாதீர்கள், சுலபம்தான். வலக்கை விரல்களைக் குவித்துக் கீழ்நோக்கி மடக்குங்கள். இடக்காலை எடுத்து வைத்து, இடது உள்ளங்கையை மெதுவாக முன்னே தள்ளுங்கள். இருபத்து மூன்று பேரும் உங்களைப் பார்க்கிறோம்.

பதினெட்டு.