கையை விட்டால் திரும்பாத வண்டி

வேலாயிக்கு ஒரு காரியம் ஏன் அப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகச் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள் அவள். அவளும் கணவன் நல்லமுத்துவும் கம்பெனிக் குடும்ப தினத்துக்குக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். அங்கே ஷம்சுதீன் பாய், தண்ணீர்மேல் பைக் மாதிரி ஓடும் ஜெட் ஸ்கியை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

பாய் இருவருக்கும் லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டிவிட்டு, வண்டியின் சுவிட்சில் செருகியிருந்த சிவப்புக் கயிற்றின் மறுமுனையை வேலாயியின் மணிக்கட்டில் மாட்டினார்.

"அக்கா விழுந்தா கயிறு கழண்டு எஞ்சின் நின்னுடும். இன்னொன்னு. இதுல பிரேக் கிடையாது. த்ரோட்டல, இந்தக் கைவிசைய, விட்டுட்டா ஹேண்டில் என்னா முறுக்கினாலும் திரும்பாது. முன்னால ஏதாச்சும் வந்தா அழுத்திக்கிட்டே திருப்பணும்."

"ஏன் பாய்?"

"அது அப்படித்தான் லா."

அது எப்படி அப்படித்தான்? ஃபோர்க்லிஃப்டில் குறுக்கே ஒரு ஆள் வந்தால் விசையிலிருந்து காலை எடுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அவள் உடம்பு பழகியது அது ஒன்றைத்தான்.

"பாத்து ஓட்டு. எனக்கு நீச்சல் தெரியாது," என்றார் பின்னால் உட்கார்ந்த நல்லமுத்து. ஒரு கை அவள் இடுப்பில், ஒரு கை தன் தொப்பியில்.

கரையிலிருந்து வெகு தூரம் போனார்கள். வேலாயி சுற்றிலும் பார்த்தாள். குளிக்கிறவர்கள் இல்லை, படகு இல்லை, வலை மிதவை இல்லை. த்ரோட்டலை விட்டாள், ஹேண்டிலை முறுக்கினாள். வண்டி பாட்டுக்கு நேராகப் போனது.

"என்னா செய்யிற?"

"சும்மா இருங்க, பாக்குறேன்."

மறுபடியும் விட்டாள். மறுபடியும் நேராகத்தான் போனது. மூன்றாம் முறை நன்றாக அழுத்திக்கொண்டே முறுக்கினாள். அடடா! வண்டியின் வால் சர்ரென்று வெளியே வீசியது. ஃபோர்க்லிஃப்டும் பின் சக்கரத்தை வைத்து வாலால்தானே திரும்பும்! பின்னாலிருந்து பீறிடும் தண்ணீர்தான் வாலைத் தள்ளுகிறது. விசையை விட்டால் தண்ணீர் ஏது, தள்ளுவதற்கு?

"புரிஞ்சிடுச்சிங்க!" என்று கத்தினாள். பதில் இல்லை. பின்னால் ஆளும் இல்லை.

வண்டி அரை வட்டம் சுற்றி வந்திருந்தது. மூன்று லாரி நீளத்துக்கு அப்பால், நேர் எதிரே, தண்ணீருக்கு மேல் நல்லமுத்துவின் தலை. பக்கத்தில் தொப்பி மிதந்தது.

விசையை விட்டுவிடு என்றது உடம்பு. விரலும் தளர்ந்தது. விட்டால் அவர் மேலேயே போய் ஏறும். கதை கேட்கும் கண்ணுகளா, கட்டினவன் தண்ணீரில் கிடக்கும்போது அவனை விட்டு விலகிப் போவதற்கு வண்டியை முடுக்குவது லேசான காரியமா? வேலாயி அழுத்தினாள், திருப்பினாள், விலகிப் போனாள்.

"ஏய்! எங்கடி ஓடுற! நான் இங்க இருக்கேன்டி!"

"கையக் கால அடிக்காம மிதங்க! ஜாக்கெட் தூக்கும்!"

பெரிதாக ஒரு வட்டம் போட்டு, ஆமை நடையாக வந்தாள். அவருக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே சிவப்புக் கயிற்றைப் பிடுங்கினாள். எஞ்சின் நின்றது. வண்டி தானாக நழுவி அவர் பக்கத்தில் வந்து நின்றது.

"பக்கவாட்டுல தொங்காதீங்க, கவுந்துடும். பின்னால வந்து ஏறுங்க."

இருமிக்கொண்டே ஏறினார்.

"புருஷன கடல்ல தள்ளிட்டு ஓடுறாளே, பாவி!"

"ஓடலங்க. விட்டிருந்தா உங்க மேலதான் வந்திருக்கும். ஆனா திருப்பினது என் தப்பு. சொல்லாம திருப்பிட்டேன்."

தொப்பி தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதை எடுக்கச் சொல்லவில்லை அவர். இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்.

"இனிமே சொல்லிட்டுத் திருப்பு."

"சரிங்க."

"சத்தமா சொல்லு."

கயிற்றை மாட்டி, எஞ்சினைக் கிளப்பினாள்.

"சோத்தாங்கைப் பக்கம்!" என்று கத்தினாள்.

"ம்!" என்று அவரும் கத்தினார்.

கரை வரைக்கும் அப்படியே வந்தார்கள்.