புளியங்கட்டைக்குள் தோணி ஆணி

புளியங்கட்டையை நடுவில் அடித்துப் பிளக்கக் கூடாது. சவுக்கு என்றால் நேர் நார். மேலே ஒரு போடு போட்டால் அடிவரைக்கும் விட்டுவிடும். புளி அப்படி விடாது. நார் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். நடுவில் அடித்தால் கோடாலி சிக்கிக்கொள்ளும், அதைப் பிடுங்குவதற்குள் இடுப்பு போய்விடும். ஓரத்தில்தான் தொடங்க வேண்டும். கட்டையின் முகத்தில் வெயிலுக்கு விட்ட வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அதன் மேலேயே இறக்கி, நான்கு விரல் கனத்துக்கு ஒரு பத்தையை உரித்தெடுக்க வேண்டும். பிறகு கட்டையைத் திருப்பி அடுத்த பத்தை. சுற்றிவந்தால் நடுவில் இருக்கும் கெட்டிக் கட்டை, அதாவது வைரம், தனியாக நிற்கும். இதற்குப் பலம் வேண்டாம். கோடாலி இறங்கும்போது முழங்காலை மடக்கினால் அதன் கனமே வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இருபது வருஷமாக இப்படித்தான் பிளக்கிறேன். அப்படியும் அன்றைக்குத் தவறிவிட்டேன்.

எண்பத்திரண்டாம் வருஷம். பூவம் போகிற ரோட்டை அகலப்படுத்தியபோது ஓரத்தில் நின்ற புளியமரங்களை ஏலம் விட்டார்கள். முகம்மது இப்ராஹிம் பாய் நான்கு மரம் எடுத்துத் தன் விறகு வாடியில் இறக்கியிருந்தார். ரம்பக்காரர்கள் துண்டு போட்டுவிட்டுப் போன கட்டைகளை நான் பிளப்பேன். என் மனைவி லோகாம்பாள் ஐந்தடி தள்ளி நின்று அடுக்குவாள்.

ஒரு கட்டையின் முகத்தில், பட்டைக்குப் பக்கமாக, மை கொட்டினதுபோல நீலக் கறுப்பு. புளியின் வைரம் கறுப்புத்தானே என்று நினைத்துவிட்டேன். வைரம் நடுவில்தான் இருக்கும், ஓரத்துக்கு வராது. ஓரத்தில் நீலம் கண்டால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். தெரிந்த விஷயம்தான். அலுப்பில் புத்தி வேலை செய்யவில்லை. ஓங்கிப் போட்டேன். ணங் என்றது. கோடாலி வாயில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்துவிட்டது.

நாற்காலியில் இருந்தபடியே பாய் கேட்டார். "என்ன செல்லையா, பேய் கடிச்சிருச்சா?"

லோடு ஏற்றுகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் பத்தையைப் பிரித்தேன்.

உள்ளே ஓர் ஆணி. கடையில் விற்கிற உருண்டை ஆணி இல்லை. நாலு பட்டையாகக் கையால் அடித்தது, திருவேட்டக்குடியில் தோணிக்கு அடிப்பது. அதன் கழுத்தில் இரண்டு சுற்று முடி. மரம் அதன் மேல் இரண்டு விரல் கனத்துக்கு வளர்ந்து மூடியிருந்தது. அந்த ஆணியை எனக்குத் தெரியும். அடித்தவனே நான்தான்.

எழுபத்தொன்றில் எங்களுக்கு முதலில் பிறந்தது பெண். பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. அதன் பிறகு லோகாம்பாள் சரியாகச் சாப்பிடவில்லை. கிணற்றடியில் நின்றுகொண்டு திடீரென்று அலறுவாள். பிரசவத்தில் செத்த எவளோ பிடித்துக்கொண்டாள் என்று என் அக்காதான் முதலில் சொன்னது. அப்புறம் தெருவே சொன்னது. கூட்டிவந்த பூசாரி, பேயைப் பூவம் ரோட்டுப் புளியமரத்தில் ஆணியடித்துக் கட்ட வேண்டும், கடலுக்குப் போய்வந்த இரும்புக்குத்தான் இது அடங்கும் என்றார். நான் திருவேட்டக்குடிக்கு நடந்துபோய்ப் பழைய தோணியில் கழற்றிய ஆணி ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். அவளை மரத்தடியில் நிறுத்தி, அவள் உச்சி முடியை ஆணியில் சுற்றி, புருஷன் கையால்தான் அடிக்க வேண்டும் என்றார்கள். கோடாலியின் பின்பக்கத்தால் அடித்தேன். நான்காவது அடியில் ஆணி முழுதும் இறங்கியது. முடியைக் கத்தியால் அறுத்துவிட்டார்கள். அன்றோடு அவள் அடங்கிவிட்டாள். பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். செத்துப்போன பெண் பிள்ளையைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

இந்த ஆணி என்றைக்கு வெளியே வருகிறதோ அன்றைக்கு அது திரும்பிவரும் என்று பூசாரி சொல்லியிருந்தார். நான் அதை நம்பினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. லோகாம்பாள் இதைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. தாகமாக இருக்கிறது, குழாயடியில் தண்ணீர் பிடித்து வா என்று அனுப்பினேன். அவள் போனதும் ஆணியைத் தொடாமல் மற்ற மூன்று பக்கமும் பத்தை பத்தையாக உரித்தேன். ஆணி இருக்கிற பத்தை மட்டும் மிஞ்சினால் தோள்துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடலாம். அவசரத்தில் இரண்டு அடி தப்பிப் போயிற்று. அதற்குள் அவள் செம்போடு வந்து நின்றாள்.

ஆணியைப் பார்த்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"இது நீங்க அடிச்சதுதானே?"

நான் அவளை அந்தப் பக்கம் போகச் சொன்னேன்.

"ஏன், அது திரும்ப வந்துருமுன்னா?" என்றாள். குரல் ஏறவில்லை. "பேயும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. எனக்கு அழணும்போல இருந்துச்சு. பன்னெண்டு நாள் புள்ளைக்கு என்னடி இவ்வளவு அழுகைன்னு உங்க அக்கா வாயைப் பொத்துனாங்க. அதான் கிணத்தடிக்குப் போனேன். அப்புறம் அழுதா மறுபடியும் அந்த மரத்துக்கு இழுத்துட்டுப் போவீங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

பதினோரு வருஷம். அவளுக்குக் குணமாகிவிட்டது என்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

"அன்னைக்கு வலிச்சுதா?" என்றேன்.

"வலிச்சுது."

கோடாலியைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலை நிற்கிறதே என்று பாய் எட்டிப் பார்த்தார். லோகாம்பாள் முகத்தைக் கண்டதும், ஆட்களை டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டு அவரும் உள்ளே போய்விட்டார்.

அவள் பேசினாள். பிறக்கும்போதே பிள்ளைக்கு ஒரு காது மடங்கியிருந்ததாம். தினமும் விரலில் எண்ணெய் தொட்டு நீவி விடுவாளாம். பன்னிரண்டாம் நாள் காலையில் பார்த்தால் பாதிக்கு மேல் நிமிர்ந்திருந்ததாம். எனக்கு இது எதுவும் தெரியாது. அந்தப் பன்னிரண்டு நாளில் நான் பிள்ளையை மூன்று தடவை தூக்கியிருந்தால் அதிகம்.

"எந்தக் காது?" என்று கேட்டேன்.

"இடது," என்றவள் கையை நீட்டி, என் காதின் மேல் ஓரத்தை இரண்டு விரலால் மெதுவாக மடித்தாள். "இந்த மாதிரி."

மடித்த விரலை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டுத்தான் அழுதாள். நான் அவளைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

டீ குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து வாசலில் தயங்கி நின்றார்கள். இன்னொரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று கையைக் காட்டினேன்.