வேனில் ஏறிய மச்சினன்

வேன் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதத்தைப் பார்த்ததும் கண்ணாடிக்காரருக்குத் தலை சுற்றியது. போன வருஷத்தைப்போல ஒன்றரை மடங்கு. ஊரில் பாதிக் கடைகளுக்கு முகப்புக் கண்ணாடி மாட்டிய மனுஷர், அந்த ஒற்றைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பினால் தொகை குறையும் என்று நினைத்தாரோ என்னவோ.

கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் பொறுமைசாலி.

“சார், வண்டி ஓட்டுறவங்கன்னு ரெண்டு பேர் போட்டிருக்கீங்க. ரெண்டாவது ஆள் ஓட்டினப்ப மூணு தடவை இடிச்சிருக்கு. அவர் பேரை எடுத்துட்டா போன வருஷத்தைவிடவே குறையும்.”

“அப்புறம் கூப்பிடுறேம்மா” என்று சட்டென்று வைத்துவிட்டார்.

ரெண்டாவது ஆள் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. நாலு வருஷத்துக்கு முன்னால் தன் கடையை இழுத்து மூடிவிட்டு, ஒரு பையோடு அக்கா வாசலில் வந்து நின்றவன். கண்ணாடி வெட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் வேனைப் பின்னால் எடுக்கச் சொன்னால் போச்சு. முதலில் ஒரு கேட், பிறகு ஒரு விளக்குக் கம்பம், மூன்றாவதாகத் தங்கள் பட்டறைக் கதவு. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அவனுக்கு ‘ரிவர்ஸ்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயரை எடுப்பது ஒரு நிமிஷ வேலை. அதை அவனிடம் யார் சொல்வது? பாலிசியில் முதன்முதலாகத் தன் பெயர் அச்சாகி வந்த அன்று, அதைப் படம் எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியவன் அவன்.

மனைவியிடம் வானிலையில் ஆரம்பித்து, டயர் விலைக்குப் போய், சுற்றி வளைத்தார்.

“என் தம்பி விஷயம்தானே? நேரா சொல்லுங்க” என்றாள் அவள்.

சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

“அவன் இடிக்கிறது எனக்கு மட்டும் தெரியாதா? எடுத்துடுங்க. ஆனா நீங்களே அவன்கிட்ட சொல்லணும். நான் சொன்னா அக்காவே கைவிட்டுட்டான்னு நினைப்பான்.”

பட்டறையில் மச்சினன் ஒரு பெரிய கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். அவன் வெட்டி முடித்து நிமிர்ந்தபின் விஷயத்தைச் சொன்னார்.

“சரி அத்தான். நியாயம்தானே” என்றான் உடனே. வெட்டிய துண்டைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டான். “இனிமே யாராவது கேட்டா, இங்க வேலை பாக்குறேன்னு சொல்றதா, இல்ல அக்கா வீட்டுல இருக்கேன்னு சொல்றதா?”

கண்ணாடிக்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அங்கேயே நின்று கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பெண் பெயரை எடுத்தாள். வேன் ராத்திரியில் எங்கே நிற்கும், பூட்டு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“வண்டிமேல கடைப் பேர் எழுதியிருக்கா சார்? எழுதின வண்டியத் திருடப் பயப்படுவாங்க. அதுக்குன்னு இன்னும் கொஞ்சம் குறைப்போம்.”

“இல்லியே. கடைக்குன்னு பேர் எதுவும் வைக்கலியேம்மா.”

“ஒரு பேர் வெச்சு எழுதிடுங்க. என்னன்னு போடட்டும்?”

மச்சினன் முதுகைக் காட்டியபடி கண்ணாடித் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கண்ணாடிக்காரர் சத்தமாகச் சொன்னார்.

“அத்தானும் மச்சினனும் கண்ணாடிக் கடை.”

துடைப்பம் நின்றுவிட்டது. “இன்னொரு தடவை சொல்லுங்க சார்” என்றாள் அந்தப் பெண். அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

பெயிண்டர் வந்து வேனின் இரண்டு பக்கமும் எழுத்து எழுத்தாக எழுதினார். மச்சினன் வேலைவெட்டியை விட்டுவிட்டுக் கூடவே நின்றான். ‘ச்’சில் புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்து வைக்கச் சொன்னதும் அவன்தான். புதுப் பாலிசியும் வந்தது. மனைவி தொகையைப் பார்த்துவிட்டு, “என் தம்பியால இவ்வளவு லாபமா!” என்றாள். எந்த வகையில் லாபம் என்று விளக்கப் போகாத அளவுக்குக் கண்ணாடிக்காரர் விவரமானவர்.

அடுத்த வாரம் ஒரு தையல் கடைக்கு முகப்புக் கண்ணாடி மாட்டப் போனார்கள். கடைக்கார அம்மாள் வெளியே வந்து வேனைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“இதுல மச்சினன் யாரு?”

கண்ணாடிக்காரர் வேண்டுமென்றே மச்சினன் பக்கம் திரும்பினார்.

“நான்தாங்க” என்றான் அவன். “கடை எங்க ரெண்டு பேரோடது.”

“அப்ப விலையக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி யாரைக் கேக்குறது?”

“என்னையே கேளுங்க” என்று அளவு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டான் மச்சினன். “ஆனா குறைக்க மாட்டேன்.”