அவள் போட்ட கோடு

வண்டி நின்றால் குழந்தை விழித்துக்கொள்வாள். மற்றதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டான். இதை மட்டும் சமாளிக்க முடியவில்லை.

மனைவி போய் நான்கு மாதம். அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அன்றிலிருந்து மூன்று வயது மகள் மதியத்தில் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று அடம். சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, அம்மாவின் பழைய காருக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். பின் சீட்டில் படுக்கவைத்து, ஜன்னல்களை இறக்கி, வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டால் கண் சொருகும்.

பத்து நாளாக அதுவும் கெட்டது. போட்ட இரண்டாம் நிமிடம் வண்டி குலுங்கும், இருமும், நின்றுவிடும். குழந்தை எழுந்து அழுவாள். மறுபடி போடுவான். மறுபடி நிற்கும்.

"பெட்ரோல் ஊத்தித் தாலாட்டு பாடுறவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா," என்றாள் அக்கா. துணைக்கு ஒரு வாரம் என்று வந்தவள் இன்னும் ஊர் திரும்பவில்லை. "ஒண்ணு வித்துத் தொலை, இல்ல சரி பண்ணு. சும்மா அது பக்கத்துல அடிச்சு வச்ச ஆணி மாதிரி நிக்காத."

"சரி பண்ணா சத்தம் மாறிடும்க்கா."

"மாறட்டுமே."

"அவ அந்தச் சத்தத்துலதான் தூங்குறா."

"அவ எந்தச் சத்தத்துலயும் தூங்குவா. தூங்காதது நீ."

அந்தச் சத்தம் அவனுக்கு மனப்பாடம். எங்கோ நேரமாகிவிட்டது போல ஒரு படபடப்பான ஓட்டம். மாலையில் மனைவி தெருமுனை திரும்பும்போதே அது கேட்கும். கேட்டதும் எழுந்து போய்க் கதவைத் திறப்பான்.

சனிக்கிழமை காலை, வழியில் நான்கு தடவை நின்ற வண்டியை ஒருவழியாகப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். மெக்கானிக்கை எல்லாரும் 'மௌனம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேசாமல் ஒரு நட்டைக்கூட அவரால் கழற்ற முடியாது.

"வாங்க தம்பி. நடந்து வந்திருந்தா சீக்கிரம் வந்திருப்பீங்க போலிருக்கே," என்றபடி பானெட்டைத் தூக்கினார். எஞ்சின் தள்ளாடி ஓடியது. கார்புரேட்டருக்குக் கீழே கையை விட்டு ஒரு ரப்பர் குழாயைத் தடவினார். "இதோ இருக்கு திருடன். ஓஸ் வெடிச்சிருக்கு. காத்து திருட்டுத்தனமா உள்ள போகுது. வண்டி நிக்காம என்ன செய்யும்?"

வெடிப்பை விரலால் அழுத்தி மூடினார். தள்ளாடிய எஞ்சின் சட்டென்று வேகமெடுத்துச் சீறியது. அவர் முகம் சுருங்கியது.

"ஓட்டையை அடைச்சா ஒழுங்காதானே ஓடணும். ஏன் இப்படிப் பறக்குது?"

டார்ச்சை அடித்து, எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் அடியில் பார்த்தார்.

"இந்தக் கோடு யாரு போட்டது?"

அவன் குனிந்தான். டிஸ்ட்ரிப்யூட்டரின் அடிப்பகுதியிலிருந்து எஞ்சின் உடம்பு வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு சிவப்புக் கோடு. பெயின்ட் இல்லை, நெயில் பாலிஷ். செங்கல் நிறம். 'என்ன, கொத்து வேலைக்குப் போய்ட்டு வந்தியா?' என்று அவள் விரல்களைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறான்.

"யாரோ விவரமான ஆளு," என்றார் மௌனம். "வண்டி நிக்குதுன்னு, தீப்பொறி விழுற டைமிங்கை முன்னால தள்ளி வச்சிருக்காங்க. தள்ளுனா வேகமா ஓடும், நிக்காது. நகந்துட்டா திரும்ப அதே இடத்துல வைக்கணுமேன்னு கோடும் போட்டிருக்காங்க. நோவு ஓஸ்ல, மருந்து இங்க. ஓட்டை பெருசானதும் மருந்தும் பத்தல. ஆனா கை சுத்தம், போல்ட் தலை கொஞ்சம்கூட மழுங்கல. எந்தப் பட்டறை?"

"என் வொய்ஃப்."

மௌனத்துக்கு விஷயம் தெரியும். டார்ச்சை அணைத்தார்.

போன வருஷம். சாப்பிடும்போது சொன்னாள், சிக்னலில் வண்டி நின்றுவிடுகிறது, பின்னாலிருந்து ஹாரன் அடித்தே கொல்கிறார்கள் என்று. அவன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "கிளட்ச்சை ஒழுங்கா மிதிச்சுப் பழகு" என்றான். இன்னும் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் அதே பதில். அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு நாள் அவனாகவே கேட்டான்: "இப்பல்லாம் நிக்கிறதில்ல போல? பாத்தியா, நான் சொன்னேன்ல?"

அவள் சிரித்தாள். "ஆமாங்க வாத்தியாரே."

கற்றுக்கொண்டாள் என்று நினைத்திருந்தான்.

மௌனம் புது ஓஸைப் போட்டு முடித்தார். "இனி டைமிங்கைப் பின்னால இழுக்கணும் தம்பி. கோடு விலகும்."

"கோட்டுலயே வச்சுடுங்கண்ணே."

அவர் வாதாடவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து மேம்பாலத்து ஏற்றத்துக்கு ஓட்டினார். மிதிக்க மிதிக்க, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சின் கடகடத்தது.

"கேக்குதா? இப்படியே ஓட்டினா எஞ்சின் போயிடும். கோடு இருக்கும், வண்டி இருக்காது."

பட்டறைக்குத் திரும்பினார்கள். போல்ட்டைத் தளர்த்திவிட்டு, டைமிங் பார்க்கும் லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்களே திருப்புங்க," என்றார். "அந்நிய கை எதுக்கு?"

அவன் டிஸ்ட்ரிப்யூட்டரைப் பிடித்தான். சூடாக இருந்தது. மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். படபடப்பு குறைந்தது. நேரமாகவில்லை, எங்கும் போக வேண்டியதில்லை என்பது போல எஞ்சின் நிதானத்துக்கு வந்தது. "நிறுத்துங்க," என்று மௌனம் போல்ட்டை இறுக்கினார். நின்ற இடத்தில் ஓடும் வேகத்துக்கான ஐடிலிங் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருகியதோடு வேலை முடிந்தது. கோடு இரண்டு துண்டாக, ஒன்றுக்கொன்று அரை விரல் தள்ளி நின்றது.

"துடைச்சிட்டுப் புதுசா ஒரு மார்க் போடட்டுமா?"

"வேணாம்ண்ணே. ரெண்டும் அப்படியே இருக்கட்டும்."

மதியம் குழந்தை செருப்போடு காத்திருந்தாள். படுக்கவைத்துச் சாவியைத் திருப்பினான். மாவு சலிப்பது போல மெல்லிய சத்தம். குழந்தை தலையைத் தூக்கினாள்.

"அப்பா, என்ன சத்தம்?"

"வண்டிதான்மா."

"அம்மா வண்டியா?"

"ஆமா."

அவள் அழப்போகிறாள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்ததும் என்ன சொல்வது என்று யோசித்தான். அவள் விரலை வாயில் வைத்தாள். சீட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை, விரல் தானாக நழுவி விழுந்தது.

அக்கா துணி காயப்போட வந்தவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்றாள்.

மனைவி அன்று சிரித்தது போலச் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "ஆமாக்கா," என்றான்.

அக்கா உள்ளே போனதும் எஞ்சினை அணைத்தான். குழந்தை அசையவில்லை. சத்தமே இல்லாமல் தூங்கினாள். தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டாலும் விழிக்க மாட்டாள்.

அவன் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியை மறுபடி திருப்பினான். வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.