மதகடித் தண்ணீர்

ஏரித் தண்ணீரை வடிகட்டிய தாள்கள் பத்தொன்பது மணி நேரம் ஐஸ் பெட்டியில் இருந்தன. அதன்பிறகு சென்னை ஆய்வகத்தில் அவற்றைப் பிரித்தார்கள். மீன் கண்ணில் படாவிட்டாலும் அதன் சளியும் தோலும் தண்ணீரில் டி.என்.ஏ.வை விட்டுவைக்கும். அதைத் தேடுவது என் வேலை.

அடி அண்ணாமலையைத் தாண்டியிருந்த அந்தச் சிறிய ஏரியில் நான்கு இடங்களில் தண்ணீர் எடுத்திருந்தேன். மூன்றில் ஒன்றுமில்லை. மதகடியில் மட்டும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கவும் விற்கவும் தடை உள்ள மீன். மற்ற மீன்களைத் தின்று தீர்த்துவிடும்.

அடுத்த வாரம் மீன்வளத் துறை அதிகாரியுடன் போனேன். ஏரியை வற்றவைத்து எல்லா மீனையும் அழிக்க வேண்டும் என்றார் அவர்.

"கட்லா இன்னும் அரைக் கிலோகூட வரல சார்," என்றார் மீன் குத்தகை எடுத்திருந்த மணிவேல். "நாலு வருசமா வல போடறேன், ஒரு கெளுத்தி மாட்னதில்ல. இந்தப் பொண்ணு ஒரு பாட்டில் தண்ணி மொண்டுகினு போயி இருக்குதுன்னுது."

"மை போட்டுப் பாத்துச்சோ இன்னாவோ," என்றார் அவருடைய அக்கா திரௌபதி. மதகுப் பக்கத்தில் மீன் அறுத்து விற்பவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

பௌர்ணமியன்று எடுத்திருக்க வேண்டிய தண்ணீர் அது. கிரிவலக் கூட்டத்தில் வண்டியை விடவில்லை. மறுநாள் காலையில் எடுத்தேன். பௌர்ணமிக்கு மீன் சேர்க்காத வீடுகளெல்லாம் அன்று திரௌபதியின் முன்னால் நின்றன.

அதிகாரியிடம் மெதுவாகச் சொன்னேன். "மீன் கழுவுன தண்ணியாவும் இருக்கலாம் சார். இன்னொரு தடவ எடுத்துப் பாக்கலாம்."

"அந்த மீன இங்க விக்கறாங்கன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"அப்பறம் இன்னாம்மா."

திரௌபதியிடம் போனேன். "அக்கா, பௌர்ணமிக்கு மறுநாள் இன்னா மீன் அறுத்தீங்க?"

"கட்லா."

"வேற?"

"வேற இன்னா."

"கழுவுன தண்ணி ஏரில வுழுந்தாலும் டெஸ்ட்ல காட்டும்க்கா. மீனு உள்ள இருக்கணும்னு இல்ல."

அவர் கட்லாவின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். 

மதகுக்கு வெளியே வலை கட்டியாயிற்று. அதிகாரியின் டிரைவர் மதகின் திருகைச் சுற்றினார். தண்ணீர் இரைந்தது. மணிவேல் கரையில் குந்தி உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

திரௌபதி எழுந்து வந்தார். "நிறுத்தச் சொல்லுங்க சார்."

"நீ சும்மா இரு அக்கா," என்றார் மணிவேல், துண்டுக்குள்ளிருந்து.

அவர் தம்பியைப் பார்க்கவில்லை.

"ஏரில அது இல்ல சார். வெளியூரு வண்டில வந்த ஆப்பிரிக்கா கெளுத்திய நான்தான் வாங்கி இங்க அறுத்து வித்தேன். கழுவுன தண்ணிய மதகாண்ட ஊத்தினேன்."